நீலம் மட்டும் வைத்து ஒரு சிறிய ஆர்ட் குவில்ட்: ஏன் தட்டையாகத் தெரிகிறது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: நீலம் ஒன்றை மட்டுமே வைத்து 12 அங்குலச் சதுரத்தில் ஒரு ஆர்ட் குவில்ட் (அடுக்கிய துணிகளைத் தைத்துச் செய்யும் சுவர்ப் படம்) செய்கிறேன். பருத்தி, ஆர்கன்சா (மறுபக்கம் தெரியும் மெல்லிய துணி), காகிதம், அக்ரிலிக், கொஞ்சம் உலோகத் தகடு என்று நிறையவே சேர்த்துவிட்டேன். கையில் வைத்துப் பார்த்தால் அழகாக இருக்கிறது. சுவரில் வைத்து நாலடி தள்ளி நின்றால் ஒரே நீலத் திட்டாகத் தெரிகிறது. இதைக் காப்பாற்ற முடியுமா? புதிதாகத் தொடங்கினால் எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்:

காப்பாற்றலாம். அதற்கு முன் இது ஏன் இப்படி ஆனது என்று பார்த்துவிடுவோம். இப்படித் தட்டையாகிப் போகும் வேலைகளில் பொருளுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. எல்லாப் பொருளும் நடுத்தர நீலத்திலேயே நின்றுவிடுகிறது. துணி பொறுக்கும்போது கை தானாகப் போவது அந்த நடு நீலத்துக்குத்தான். ஏறக்குறைய வெள்ளையாகிவிட்ட நீலமும், கறுப்பை ஒட்டி நிற்கும் நீலமும் தனியாகப் பார்க்க அவ்வளவு வசீகரமாக இருக்காது, அதனால் அவற்றை யாரும் எடுப்பதில்லை. பல நிறம் கலந்த குவில்ட்டில் இந்தக் குறை வெளியே தெரியாது. சிவப்பும் பச்சையும் ஒரே அடர்த்தியில் இருந்தாலும் கண் அவற்றைப் பிரித்துவிடும். ஒற்றை நிறத்தில் அந்த உதவி கிடையாது.

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட நிற முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று அளவைகள் உண்டு: அது எந்த நிறம், எவ்வளவு வெளிர் அல்லது அடர், எவ்வளவு துலக்கம் அல்லது மங்கல். ஒற்றை நிறத் திட்டம் இவற்றில் முதலாவதைப் பூட்டிவிடுகிறது. மற்ற இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. துணியில் வேலை செய்பவர்களுக்கு நான்காவதாக ஒன்றும் உண்டு. அது, பரப்பு ஒளியை எப்படித் திருப்பித் தருகிறது என்பது. ஓவியருக்கு இந்த வசதி குறைவு. நமக்கோ இதுதான் பெரிய சொத்து. அதனால் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஒற்றை நிறத்தில் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நிறத்தைப் பார்க்காதீர்கள், அதன் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் தைத்த டிரிஸ்டன் குவில்ட் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு பகுதி லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், இன்னொன்று ஃபுளோரன்சின் பார்ஜெல்லோவில். வெளிறிய லினன் துணிதான். உருவங்களுக்குள் பருத்தியை அடைத்துப் புடைக்க வைத்து, ஓரக்கோட்டைப் பழுப்பு நூலிலும் பின்னணியை வெள்ளை நூலிலும் தைத்திருக்கிறார்கள். போர்வீரர், கப்பல், கோட்டை என்று ஒரு முழுக் கதையும் மேடு பள்ளத்தின் நிழலிலேயே நடக்கிறது. துணியின் நிறம் எதையும் சொல்லவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கையில் இருக்கும் எல்லாப் பொருளையும், காகிதத் துணுக்கும் நூலும் உட்பட, தரையில் பரப்பி ஐந்து குவியலாகப் பிரியுங்கள்: மிக வெளிர், வெளிர், நடு, அடர், மிக அடர். நடுக் குவியல் மட்டும் மலையாக நிற்கும். அதில் முக்கால்வாசியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், மனம் வராவிட்டாலும். கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது நல்ல சோதனை. போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பது அதைவிட நல்லது. படத்தில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே எல்லை தெரியவில்லை என்றால், நாலடி தூரத்திலும் தெரியாது.

ஐந்து குவியலிலிருந்தும் சம அளவு எடுத்தால் வேலை சதுரங்கப் பலகை மாதிரி துள்ளும். ஒன்று ஆள வேண்டும். பாதிக்கு மேல் அடர் நீலம், அதற்குள் கொஞ்சம் நடு, மிக வெளிர் ஒரு கைவிரல் அகலம் என்று வைத்தால் இரவின் கனம் வரும். இதையே தலைகீழாக, பெரும்பகுதி வெளிர், ஓர் இடத்தில் மட்டும் மிக அடர் என்று வைத்தால் மூடுபனி மாதிரி இருக்கும். இரண்டில் எது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதியில் மாற்றிக்கொண்டால் இரண்டும் கெட்டானாகும்.

நீலம் என்றால் அதே நீலம்தான் என்று பொருத்திப் பொருத்தி வாங்குவதும் ஒரு பொறி. எல்லாம் அச்சாகப் பொருந்தினால் சீருடை போல ஆகிவிடும். அல்ட்ராமரைன் கொஞ்சம் ஊதாப் பக்கம் சாயும். தாலோ நீலமும் பிரஷ்யன் நீலமும் பச்சைப் பக்கம் சாயும். அவுரி நீலத்தில் ஒரு சாம்பல் தன்மை உண்டு. இந்தச் சாய்வுகளைக் கலந்து வைத்தால் திட்டம் மீறாமலே உயிர் வரும். துலங்கும் ஒரு துண்டு பளிச்சென்று தெரிய வேண்டுமா? அதைச் சுற்றி மங்கிய சாம்பல் நீலத்தை வையுங்கள்.

பக்கத்து நிறம் எவ்வளவு விளையாடும் என்பதற்குத் துணித் தொழிலிலிருந்தே ஒரு சம்பவம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் கோப்லென் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷெல் செவ்ரெலிடம், சில கறுப்பு நூல்கள் சாயம் பிடிக்காமல் வெளிறித் தெரிகின்றன என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. நெசவில் அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் ஓடியதுதான் காரணம். அந்த ஆராய்ச்சி விரிந்து 1839-இல் புத்தகமானது. உங்கள் மேசைக்கு இதன் பொருள்: ஒரு துணுக்கைத் தனியாக உள்ளங்கையில் வைத்து "இது அடர்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது உட்காரப் போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

நீலத்துக்கென்றே இன்னொரு குறும்பு உண்டு. வெளிச்சம் மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு கறுத்துப் போகும், நீலம் ஒப்பீட்டளவில் வெளிறித் தெரியும். இதை யான் புர்கின்யே 1819-இல் கவனித்தார், இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. மாலை மங்கலில் அடுக்கிய அடர்த்தி காலையில் வேறாகத் தெரிவதில் வியப்பில்லை. கூடவே, பகலில் ஒன்று போலத் தெரியும் இரண்டு நீலங்கள் விளக்கொளியில் பிரிந்து நிற்பதும் உண்டு, ஏனெனில் சாயம் வேறு. பருத்தியும் பாலியஸ்டரும் காகிதமும் கலக்கும் வேலையில் இது கட்டாயம் நடக்கும். எந்த அறையில் மாட்டப் போகிறீர்களோ அந்த அறை விளக்கின் கீழ் ஒருமுறை அடுக்கிப் பார்த்துவிட்டே ஒட்டுங்கள்.

இனி பரப்பு. இதில்தான் அதிகம் நேரம் செலவிடச் சொல்வேன்.

வெல்வெட் ஒளியை விழுங்கும். ஒரே சாயத்தில் தோய்த்த எல்லாத் துணியிலும் அதுதான் அடர்ந்து தெரியும். அதன் மயிரைக் கீழ் நோக்கித் திருப்பினால் ஒரு நிறம், மேல் நோக்கினால் இன்னொரு நிறம். ஆகவே ஒரே வெல்வெட்டை இரண்டு திசையில் வெட்டி வைத்தாலே இரண்டு நீலம் கிடைத்துவிடும். சாட்டின் நேர் எதிர்: நிற்கும் இடம் மாறினால் அதன் வெளிச்சமும் நகரும். பார்ப்பவர் ஓர் அடி நகர்ந்தால் படம் மாற வேண்டும் என்று விரும்பினால், சாட்டினைச் சிறு கீற்றாக மட்டும் வையுங்கள். பெரிய பரப்பில் அது வெறும் மினுக்கு. ஃபெல்ட் ஒளியைப் பரப்பிச் சமமாக்கும், கண்ணுக்கு ஓய்வு தரும். ஆர்கன்சா நிறத்தைச் சேர்ப்பதைவிட அடியில் இருப்பதை ஒரு படி கீழிறக்கும் வேலையைத்தான் நன்றாகச் செய்யும். அடர் ஆர்கன்சாவை ஒன்று, இரண்டு, மூன்று அடுக்காகப் படிப்படியாக வைத்தால், தையல் இல்லாமலே மூன்று அடர்த்தி கிடைக்கிறது. அந்த ஒரு உத்திக்காகவே ஒரு துண்டு ஆர்கன்சா எப்போதும் பெட்டியில் இருக்கலாம்.

வண்ணப்பூச்சிலும் இதே கதைதான். பிரெஞ்சுக் கலைஞர் இவ் க்ளைன் 1960-இல் பாரிசில் பதிவு செய்துகொண்ட நீலத்தில் புது நிறமி எதுவும் இல்லை. அது அல்ட்ராமரைன்தான். பொடியாக இருக்கும்போது உள்ள ஆழமும் மங்கலான மென்மையும் எண்ணெயில் குழைத்தால் போய்விடுகிறது என்று, அதைக் கெடுக்காத செயற்கைப் பிசினைப் பிடித்தார். நீங்களும் ஒரே அக்ரிலிக் நீலத்தை மேட் (பளபளப்பில்லாத) மீடியத்தில் கலந்து ஒரு துணுக்கிலும், கிளாஸ் (பளபளப்பான) மீடியத்தில் கலந்து இன்னொன்றிலும் பூசிப் பாருங்கள். கிளாஸ் பூசியது அடர்ந்து ஆழமாகும், மேட் சற்றே வெளிறும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: தடிமனாகப் பூசிய அக்ரிலிக் காய்ந்தால் அடர்ந்துவிடும், நிறையத் தண்ணீர் கலந்து துணியில் ஊறவிட்டது காய்ந்தால் வெளிறிவிடும். ஈரத்தில் பார்த்து அடர்த்தியை முடிவு செய்ய வேண்டாம். துணியின் நெசவு தெரிய வேண்டுமானால் ஃபேப்ரிக் மீடியம் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். தடித்த பூச்சு பிளாஸ்டிக் தாள் போலாகி ஊசியைப் பிடித்து இழுக்கும்.

காகிதத்தில் டிஷ்யூ காகிதம் நல்ல நண்பன். கசக்கி விரித்து மேட் ஜெல் மீடியத்தால் பருத்தித் துணி மேல் ஒட்டி, காய்ந்த பின் அடர் நீலத்தைத் தேய்த்துத் துடைத்தால் மடிப்புகளில் மட்டும் நிறம் தங்கும். உலோகத்துக்கு மெல்லிய அலுமினியத் தகடு போதும். அதன் மேல் ஆல்கஹால் இங்க் பூசுங்கள், அது ஊடுருவித் தெரியும் சாயம் என்பதால் அடியிலிருக்கும் உலோகம் நீலமாக மின்னும். ஆனால் அந்த இங்க்குகளில் பல வெயிலில் வெளுத்துவிடும். டைவெக் என்ற காகிதம் போன்ற பொருளையும் கலைஞர்கள் விரும்புவார்கள். அது பாலிஎத்திலீன், முதலில் வண்ணம் பூசி, கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள்களுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டினால் சுருங்கிக் கொப்புளிக்கும். ஆர்கன்சாவைச் சூட்டுக் கருவியால் உருக்கி ஓட்டை போடுவதும் அப்படித்தான், ஆனால் பாலியஸ்டரும் நைலானும்தான் உருகும். பட்டு ஆர்கன்சா கருகிச் சாம்பலாகும். இவை எல்லாவற்றையும் ஜன்னல் திறந்து, காற்றோட்டத்தில் செய்யுங்கள். புகையை முகர வேண்டாம்.

ஒரு சதுர அடிக்குள் இத்தனையும் போடச் சொல்லவில்லை. துணி, காகிதம், ஊடுருவும் துணி என்று மூன்று குடும்பம் போதும். உலோகம் வேண்டுமானால் ஒரே இடத்தில். பொத்தான், சாவி, பல்சக்கரம் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டும் பழக்கம் என்னைப் பொறுத்தவரை மிக்ஸ்டு மீடியாவுக்கு, அதாவது பல பொருள் கலந்த வேலைக்கு, பிடித்த பீடை. "ஒரு புள்ளி ஆரஞ்சு வைத்தால் தூக்கலாக இருக்கும்" என்ற யோசனையையும் அநேகமாக யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் புள்ளி தேவைப்படுகிறது என்றால் வெளிர் அடர் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டையை அங்கேயே அடைத்துவிடுங்கள்.

நீலத்தைத் தேர்ந்தெடுத்ததால் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு தனிப் பரிசு சயனோடைப், வெயிலில் நீலமாகப் பதியும் அச்சு. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இதில் பதிக்கத் தொடங்கினார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரண்டு கரைசலையும் கலந்து, கஞ்சி போகத் துவைத்த பருத்தியில் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். அதன் மேல் இலையோ வலைத்துணியோ வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் மறைந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் பிரஷ்யன் நீலமாகவும் நிற்கும். அடுத்த ஓரிரு நாளில் நீலம் இன்னும் ஏறும். வெயில் பட்ட நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் வெளிரிலிருந்து அடர் வரை ஒரே சாயத்தில் ஒரு முழு ஏணியே கிடைத்துவிடும். ஒற்றை நிற வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்! கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், ஃபெரிசயனைடில் அமிலம் எதையும் சேர்க்காதீர்கள். பிறகு சோப்புத்தூளில் துவைக்கவே கூடாது. காரம் பட்டால் இந்த நீலம் கரைந்து மஞ்சளாகிவிடும்.

வேலை வரிசை இப்படி இருக்கலாம். அடித்துணியையும் நடுவே வைக்கும் பேட்டிங் அடுக்கையும் 14 அங்குலமாக வெட்டுங்கள். நெருக்கமாகத் தைக்கத் தைக்க உள்ளே இழுக்கும், ஓரத்தைக் கடைசியில்தான் 12-க்கு வெட்ட வேண்டும். சிறிய சுவர்த் துண்டுக்குப் பஞ்சு பேட்டிங்கைவிடக் கெட்டியான ஃபெல்ட் எனக்குப் பிடிக்கும். காகிதமும் வண்ணமும் சுமந்தாலும் தொங்காது. டிரிஸ்டன் மாதிரிப் புடைப்பு வேண்டும் என்றால் பஞ்சுக்கே போங்கள், அந்தந்த இடத்தில் இரட்டையாக வைக்கலாம். மேல் துணித் துண்டுகளை ஃப்யூசிபிள் வெப் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் வலை) வைத்து ஒட்டுங்கள். இஸ்திரி வேண்டிய எல்லாம் முதலில், பிறகு வண்ணமும் காகிதமும், பிறகு தையல், உலோகமும் மணியும் கடைசியில். இந்த வரிசை மாறினால் டைவெக் உருகும், மணியில் ஊசி முறியும்.

தையலை அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இந்த வேலையில் அது பென்சில். நடு நீலத்தில் அதே நடு நீல நூலால் தைத்தால் மேடு பள்ளம் மட்டும் கிடைக்கும். இரண்டு படி அடர்ந்த நூலால் நெருக்கமாகத் தைத்தால் அந்த இடமே நிழலாக இறங்கும். வெளிர் நூலில் நெருக்கமாகத் தைத்தால் ஒளி படரும். பரப்பு முழுக்க ஒரே அடர்த்தியில் தைக்காமல், ஓரிடத்தில் கால் அங்குல இடைவெளி, இன்னோரிடத்தில் ஊசி நுழைய இடமில்லாத அளவு நெருக்கம் என்று வைத்தால், நெருங்கிய இடம் அமுங்கும், விட்ட இடம் எழும்பும். மெஷினில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு, எல்லாத் திசையிலும் துணியை நகர்த்தவிடும் டார்னிங் ஃபுட் போட்டு, 90/14 டாப்ஸ்டிச் ஊசியில் ஓட்டுங்கள். அதன் கண் பெரிது, தடித்த 40-ஆம் எண் நூல் பிசிறாமல் போகும். நூலில் எண் கூடினால் மெல்லிசு என்பதால், பாபினில் 60 போட்டால் அடிப்பக்கம் கனக்காது. காகிதம் இருக்கும் இடத்தில் தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கீழே குறைக்காதீர்கள், குறைத்தால் அஞ்சல் தலை ஓரம் மாதிரிக் கிழிந்துவிடும். திரும்பவும் அதே கோட்டில் ஓட்ட வேண்டாம். மெஷின் முடிந்த பின் கையால் போடும் ஓட்டுத் தையலும் பிரெஞ்ச் நாட் என்ற முடிச்சுத் தையலும் தடித்த நூலில், ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால் கண் அங்கே போய் நிற்கும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் துண்டுக்கு. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுத்து, அதன் மேல் எங்கே இருட்ட வேண்டும் என்று பேனாவால் வட்டமிடுங்கள். அந்த இடத்தில் மிக அடர் நீல ஆர்கன்சாவை ஒன்றிரண்டு அடுக்காக வைத்து, அடர் நூலால் நெருக்கிப் பிடியுங்கள். வெளிச்சத்துக்கு, உலர்ந்த தூரிகையில் ஒரு சொட்டு நீலம் கலந்த வெள்ளை அக்ரிலிக்கைத் தொட்டு, ஒரு பழந்துணியில் பாதியைத் துடைத்துவிட்டு, மேடுகளின் தலையை மட்டும் தடவுங்கள். அநேகமாக இந்த இரண்டிலேயே எழுந்து நின்றுவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் நாலாக வெட்டி, இடம் மாற்றி, நடுவே மிக வெளிர்த் துணியைக் கீற்றாக விட்டுச் சேருங்கள். உலோகத் தகடு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு வெட்டவும்.

ஓரத்துக்குப் பட்டை கட்டுவதை நான் தவிர்ப்பேன். 12 அங்குலத்தில் அரை அங்குலப் பட்டை தனியாகச் சட்டம் போல நின்று அடர்த்திக் கணக்கைக் குலைக்கும். ஃபேசிங் என்ற துணிக்கீற்றை ஓரத்தில் தைத்துப் பின்னால் மடித்துவிட்டால் படம் ஓரம் வரை ஓடும். காகிதம் ஓரம் வரை வந்திருந்தால் மடிக்க வராது. அப்போது நெருக்கமான சிக்சாக் தையலை இரண்டு சுற்று ஓட்டுங்கள், முதல் சுற்றில் ஓரத்தோடு ஒரு தடித்த நூலைப் பிடித்துக்கொண்டால் கோணல் தெரியாது. பின்புறம் மேல் மூலை இரண்டிலும் முக்கோணத் துணி தைத்து, அகலத்தைவிடச் சற்றுக் குறைந்த குச்சியைச் செருகினால் மாட்டிவிடலாம்.

மாட்டும் இடத்தில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழட்டும். நேர் எதிரே விளக்கு இருந்தால் நீங்கள் தைத்த மேடு பள்ளம் அத்தனையும் மறைந்துவிடும். நேர் வெயில் படவே கூடாது. அருங்காட்சியகங்கள் பழந்துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியைத்தான் அனுமதிக்கின்றன. வீட்டில் அவ்வளவு கறாராக இருக்க முடியாது, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. சயனோடைப் துண்டு மட்டும் வெளிறியது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கொஞ்ச காலம் இருட்டில் வைத்தால் அந்த நீலம் பெரும்பாலும் திரும்பி வரும்.